முந்திரி விளையும் தெற்கு: தான்சானியா நாட்குறிப்பு

டார் எஸ் சலாம், சனி

பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டகைகளில் தை, மாசியில் உடைபடுவது எங்கள் காட்டுக் கொட்டை அல்ல. நம் மரங்கள் பங்குனி, சித்திரையில்தான் காய்க்கும். அதுவரை கொட்டகைகளில் வேலை நிற்காமல் இருப்பதற்கு, கப்பலில் வந்திறங்கும் ஆப்பிரிக்கக் கொட்டைதான் காரணம். அதில் பருப்புத் தேறுவதில் பெயர் வாங்கியது தான்சானியாக் கொட்டை. அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை அங்கே அறுவடை. அந்தக் கொட்டை விளையும் மண்ணையும் அதைப் பொறுக்கும் மனிதர்களையும் பார்க்கத்தான் இந்தப் பயணம். கிளிமஞ்சாரோவும் செரெங்கெட்டியும் இருக்கும் வடக்குப் பக்கம் நான் போகவில்லை. அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். என் பாதை தெற்கே, மொசாம்பிக் எல்லையை நோக்கி.

நாட்டின் அளவை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 9.45 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்கு. 2022 கணக்கெடுப்பின்படி மக்கள் 6.17 கோடி. அதாவது தமிழ்நாட்டைவிடக் குறைவான மக்கள் ஏழு மடங்கு நிலத்தில். அதில் 53 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஒரே ஊரில். அரசுத் தலைநகரம் டொடோமாவுக்குப் போய்விட்டாலும் துறைமுகமும் வணிகமும் இங்கேதான். தங்கமும் சுற்றுலாவும் அந்நியச் செலாவணி கொண்டுவருகின்றன. ஆனால் பெரும்பாலான குடும்பங்களின் சோறு இன்னும் நிலத்திலிருந்துதான் வருகிறது.

தெருவில் இறங்கினால் நம்மூர் ஆட்டோ. இங்கே அதற்குப் பெயர் பஜாஜி. வாடகைக்கு ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பாதி பஜாஜ் பாக்ஸர், மீதியில் பல ஓசூர்க்காரர்களின் டிவிஎஸ். கிசுட்டு பகுதியில் குஜராத்திக் கோயில்கள், இனிப்புக் கடைகள். மாலையில் கிவுகோனி மீன் சந்தைக்குப் போனேன். பாய்மரப் படகுகளிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்க, மணலிலேயே ஏலம் நடந்துகொண்டிருந்தது. விலை கேட்பவரும் சொல்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசும் ஏலம். தெற்கே நான் பார்க்கப்போகும் முந்திரி ஏலம் அப்படி இருக்காது என்று தங்கும் விடுதிக்காரர் சொன்னார்.

டாரிலிருந்து கில்வா, ஞாயிறு

விடியற்காலை ம்பகாலாவில் பேருந்து ஏறினேன். பக்கத்து இருக்கையில் வயதான அம்மா ஒருவர். ஏறும் ஒவ்வொரு இளைஞனும் அவரைப் பார்த்து 'ஷிகமூ' என்று தலை தாழ்த்துகிறான், அவரும் விடாமல் பதில் சொல்கிறார். நானும் சொன்னேன். அதன்பிறகு அவர் கொண்டுவந்த அவித்த மரவள்ளியில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

120க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் நாடு இது. பேருந்து முழுக்கக் கேட்டது ஒரே சுவாஹிலி. அதற்கு முக்கியக் காரணம் நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நயெரேரே. 1961இல் விடுதலை பெற்ற தங்கனீக்காவும் 1964 ஏப்ரலில் அதனோடு இணைந்த சான்சிபாரும் சேர்ந்ததுதான் இந்த நாடு. விக்டோரியா ஏரிக்கரையின் சிறிய இனம் ஒன்றில் பிறந்த அந்த ஆசிரியர், எந்தப் பெரிய இனத்தின் மொழியையும் தலையில் ஏற்றாமல், கடற்கரையின் பொதுமொழியைப் பள்ளிக்கும் ஆட்சிக்கும் கொண்டுவந்தார். அண்டை நாடுகள் பலவற்றைக் கிழித்துப்போட்ட இனச் சண்டை இங்கே பெரிதாக வேர் பிடிக்காததில் அதற்குப் பெரிய பங்கு இருப்பதாக நான் நம்புகிறேன். அவருடைய பொருளாதாரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதைத் தோட்டத்துக்குப் போகும்போது எழுதுகிறேன்.

ருஃபிஜி ஆற்றின் மேல் ம்காப்பா பாலம். 2003இல் திறந்தார்கள். அதற்கு முன் மிதவைப் படகுதான், மழைக்காலத்தில் தெற்கு முழுவதுமே நாட்டிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடக்கும். இதே ஆற்றின் மேல்பகுதியில்தான் 2,115 மெகாவாட் திறனுள்ள நயெரேரே நீர்மின் அணை. பாலம் வந்தும் கவலை முழுதாகத் தீரவில்லை. 2024 மே மாதத்து ஹிதாயா புயல், சோமாங்கா பக்கம் சாலையை அறுத்துப்போட்டது. ஒட்டுப்போட்ட இடங்களில் பேருந்து ஊர்ந்துதான் போகிறது.

வலது பக்கம் மடும்பி மலைகள் தெரிந்தன. 1905இல், அப்போது நாட்டை ஆண்ட ஜெர்மானியர்கள் கட்டாயப் பருத்திச் சாகுபடிக்கு மக்களை விரட்டியபோது மாஜி மாஜி எழுச்சி வெடித்தது இந்த மலைகளில்தான். கிஞ்சிகிட்டிலே என்ற குறிசொல்பவர் கொடுத்த மந்திர நீர் துப்பாக்கிக் குண்டைத் தண்ணீராக்கிவிடும் என்று நம்பிப் போனார்கள். இரண்டு ஆண்டுகளில், குண்டுகளால் செத்தவர்களைவிட, பயிரைக் கொளுத்தி உண்டாக்கிய பஞ்சத்தில் செத்தவர்கள் மிக அதிகம். எண்ணிக்கையை 75,000 என்பவர்களும் உண்டு, மூன்று லட்சம் வரை சொல்பவர்களும் உண்டு. என்ன பயிரிட வேண்டும், என்ன விலைக்குக் கொடுக்க வேண்டும் என்று வெளியிலிருந்து வந்தவன் சொன்னதற்கு எதிரான போர் அது. தெற்கின் கதையை இங்கிருந்து படிப்பதே சரி.

கில்வா கிசிவானி, திங்கள்

சதுப்புமரக் காடுகளுக்கு நடுவே சிறு படகில் தீவுக்குப் போனோம். அனுமதிச் சீட்டு கரையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தத் தீவைப் பற்றி நம் பள்ளிப் புத்தகங்களில் ஒரு வரிகூட இருந்ததாக நினைவில்லை. இருந்திருக்க வேண்டும். தெற்கே சோஃபாலாவிலிருந்து வந்த தங்கம் இந்தத் தீவின் கையைத் தாண்டித்தான் அரேபியாவுக்கும் இந்தியாவுக்கும் போனது. தனக்கென்று செப்புக் காசு அடித்த நகரம் இது. அந்தக் காசுகளில் சில ஆஸ்திரேலியாவின் வடக்கோரத் தீவில்கூடக் கிடைத்திருக்கின்றன. 1331இல் இபின் பதூதா வந்து, இதை அழகான நகரம் என்று எழுதிவைத்தார். பவளப் பாறையை அறுத்துக் கட்டிய பெரிய பள்ளிவாசலின் குவிமாடங்களுக்குக் கீழே நின்றால் வெளியே கொளுத்தும் வெயில் தெரிவதில்லை. அங்கிருந்து ஒரு நடை தள்ளிப் பாறை விளிம்பில் ஹுசுனி குப்வா அரண்மனை. கடலைப் பார்த்தபடி எண்கோண வடிவில் ஒரு குளம், இப்போது தண்ணீர் இல்லை. காலடியில் சீனப் பீங்கான் ஓடுகள். தொடலாம், எடுக்கக் கூடாது.

1505இல் போர்த்துக்கீசியர் வந்து சூறையாடினார்கள். விலையையும் தீர்வையையும் தானே நிர்ணயித்த ஊர் அதற்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. நம் கடற்கரைக்கும் இந்தக் கடற்கரைக்கும் பிரேசிலிலிருந்து முந்திரிக் கன்று வந்துசேர்ந்தது அதே போர்த்துக்கீசியர் கையால்தான். தீவில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. இடிபாடுகளுக்கு நடுவே கோழி மேய்கிறது, வீட்டுக் கொல்லையில் முந்திரி மரம் நிற்கிறது.

லிண்டி, செவ்வாய்

பயணத்திலேயே நாள் போய்விட்டது. அழகான வளைகுடா, உப்பளங்கள், பழைய இந்தியக் கடைவீதியின் மரக்கதவுகள்.

மாலையில் கேட்ட ஒரு சேதியை மட்டும் எழுதுகிறேன். ஊரிலிருந்து உள்ளே தள்ளி டெண்டகுரு என்ற குன்று. 1909 முதல் 1913 வரை அங்கே தோண்டியெடுத்த டைனோசர் எலும்புகளை, இருநூறு டன்னுக்கு மேல், உள்ளூர்ச் சுமைகாரர்கள் தலையிலும் தோளிலும் சுமந்து நடந்து இந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவற்றைக் கோத்து நிறுத்திய டைனோசர் ஒன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் 13 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். லிண்டியில் அதைக் காட்டுவதற்கு ஒரு எலும்பு இல்லை. சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒருநாளாவது அதை இங்கேயே பார்க்க வழி செய்ய வேண்டும்.

முட்வாரா, புதன்

துறைமுகம் எனக்கு ஆச்சரியம். இவ்வளவு ஆழமான, இயற்கையாகவே அலை அடங்கிய துறையில், இந்தக் கோடியில், துறைமுகம் கட்டியது எதற்கு? பதில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை.

1947இல் பிரிட்டிஷ் அரசுக்குச் சமையல் எண்ணெய்த் தட்டுப்பாடு. முப்பது லட்சம் ஏக்கருக்கு மேல் காட்டை அழித்து மல்லாட்டை போடுவோம் என்று தங்கனீக்காவில் இறங்கினார்கள். போரில் மிச்சமான டாங்கிகளை டிராக்டராக மாற்றிக்கூடக் கொண்டுவந்தார்கள். நாட்டின் நடுவிலுள்ள கோங்வாவில் மழைக்கு இளகும் களிமண் கோடையில் கல்லாக இறுகியது, விளைந்த காயைப் பிடுங்க முடியவில்லை. தெற்கில் நச்சிங்வேயா சாகுபடிக்காக இந்தத் துறைமுகமும் அதற்கு ஒரு ரயில் பாதையும் போட்டார்கள். 1951இல் திட்டத்தையே கைவிட்டபோது வீணானது மூன்று கோடியே அறுபது லட்சம் பவுண்டு. ஏற்ற மல்லாட்டை இல்லாத ரயில் சில ஆண்டுகள் ஓடியது. 1960களின் தொடக்கத்தில் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து விவசாயி ஒருவரைக் கூட்டிவந்து மண்ணைக் கையில் கொடுத்திருந்தால், எந்த மண்ணில் எது பிடுங்க வரும் என்று சொல்லியிருப்பார். இங்கே ஆயிரமாயிரம் விவசாயிகள் இருந்தார்கள். அவர்களையும் யாரும் கேட்கவில்லை.

இப்போது இந்தப் பகுதியின் இன்னொரு செல்வம் எரிவாயு. ம்னாசி விரிகுடாவிலிருந்து டாருக்குக் குழாய் போகிறது. 2013இல் இங்கே மக்கள் தெருவில் இறங்கினார்கள், உயிர்ச்சேதமும் நடந்தது. வாயு எங்களுடையது, ஆலையும் வேலையும் எங்கோவா என்பதுதான் கோபம். சாப்பாட்டுக் கடையில் எதிரில் உட்கார்ந்திருந்த ஆசிரியர் இதை மெல்லிய குரலில் விளக்கினார். உகாலிக் களியும் தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் கீரையும். கீரை நம் தண்டங்கீரை, சந்தேகமே இல்லை.

நேவாலா, வியாழன்

மகோண்டே மேட்டுநிலம். பேருந்து வளைந்து வளைந்து ஏறியதும் செம்மண், இருபுறமும் முந்திரி. ஒரு கணம் எங்கள் பக்கத்துக் காடாம்புலியூர்ச் சாலைதான். ஆனால் மரங்களுக்கு இடையே இவ்வளவு தாராளமான இடைவெளியை நாம் விட மாட்டோம்.

மேட்டின் விளிம்பில் நின்றால் கீழே ருவுமா பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் மொசாம்பிக். கடவுளின் குழி என்று உள்ளூரில் சொல்கிறார்கள். அழகு ஒருபுறம் இருக்கட்டும். இந்த மேட்டின் மேல் ஓடும் தண்ணீர் கிடையாது. பெண்கள் அடிவாரம் வரை இறங்கிக் குடத்தோடு ஏறிய காலம் ஒன்று இருந்தது என்று நான் தங்கிய வீட்டுப் பாட்டி சொன்னார். தாய்வழியில் வம்சம் எண்ணும் மக்கள் இவர்கள். கருங்காலி போன்ற ம்பிங்கோ மரத்தில் செதுக்கும் மகோண்டே சிற்பங்கள் உலகம் முழுக்கப் போகின்றன. அதே மரத்தில்தான் ஐரோப்பியர்கள் கிளாரினெட் செய்கிறார்கள்.

தோட்டத்துக்கு வீட்டுப் பெரியவர் கூட்டிப்போனார். மொழிபெயர்க்க அவர் பேரன் வந்தான். பழத்தைப் பறிப்பதில்லை, தானாக விழுந்ததைத்தான் பொறுக்குகிறார்கள். கொட்டை முற்றியிருப்பதற்கு அதுதான் உறுதி. திருகிக் கொட்டையை எடுத்துப் பாயில் இரண்டு மூன்று நாள் காயவைக்கிறார்கள். பழத்தைப் பிழிந்து புளிக்கவைத்தால் உராகா என்ற பானம், மாலையில் ஊர் அதைச் சுற்றித்தான் கூடுகிறது.

மரத்துக்கு வருஷத்தில் பெரிய செலவு கந்தகம். மே மாதத்திலிருந்து சாம்பல் நோய்க்கு எதிராக விசைத்தூவியால் கந்தகத் தூளை அடிக்க வேண்டும். அடிக்காத மரத்தில் பூ கருகிவிடும். முட்வாரா அருகிலுள்ள நாலியெண்டேலே ஆராய்ச்சி நிலையம் இந்த முறையையும் நல்ல ரகங்களையும் கொடுத்தது, அதுதான் தொழிலை மீட்டது. எதிலிருந்து மீட்டது என்பதையும் பெரியவரே சொன்னார்.

“எழுபதுகளில் எங்களை ஒரே இடத்தில் குடியேறச் சொன்னார்கள் தம்பி. லாரி வந்தது, ஏறினோம். மரம் வரவில்லை.”

நயெரேரேயின் உஜமா கிராமத் திட்டம். பள்ளியும் மருத்துவமும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் உயர்ந்தது. ஆனால் முந்திரிக்காரனை மரத்திலிருந்து பல மைல் தள்ளிக் குடிவைத்தால் களை யார் எடுப்பது? 1973-74இல் 1,45,000 டன் விளைந்த நாட்டில் 1986-87இல் 16,500 டன்னாக விழுந்தது. நோயும் கேவலமான கொள்முதல் விலையும் சேர்ந்துகொண்டன. உலக வங்கி முதலான வெளிநாட்டுக் கடனில் கட்டிய பன்னிரண்டு உடைப்பாலைகளுக்குக் கொட்டையே இல்லை. பின்னர் தனியாருக்கு விற்றதில் பல இன்று வெறும் கிடங்குகள். மரங்களுக்கு மக்கள் திரும்பிப் போன பிறகு 2017-18இல் விளைச்சல் மூன்று லட்சம் டன்னைத் தாண்டியது. இதைச் செய்தது இந்தப் பெரியவரைப் போன்ற லட்சக்கணக்கான சிறு விவசாயிகள்.

மரங்களுக்கு நடுவே துவரை நின்றது. அதைக் காட்டி, “இதுவும் உங்கள் நாட்டுக்குத்தான் போகும்,” என்றார். 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு வரம்பு கட்டியபோது இங்கே விலை பாதாளத்துக்குப் போனதை அவர் கோபமில்லாமல் விவரித்தார். அந்த வருஷம் நம் வீடுகளில் சாம்பார் வைத்த யாருக்கும் இது தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாது.

நேவாலா, வெள்ளி

இன்று ஏலம். அதற்காகத்தான் வந்தேன்.

முறை இது. விவசாயி கொட்டையைத் தன் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் எடைபோட்டுக் கொடுப்பார். சங்கம் தரம் பிரித்துக் கிடங்குக்கு அனுப்பும். கிடங்கு ரசீதை வைத்துச் சங்கங்களின் ஒன்றியம் ஏலம் விடும். 2007இலிருந்து இந்தக் கிடங்கு ரசீது முறை. அதற்கு முன் வீட்டு வாசலில் வந்து, சாப்பாட்டுக்கு இல்லாத மாதத்தில் முன்பணம் கொடுத்துப் பாதி விலைக்கு வாங்கிப்போகும் தரகர்கள். நம் ஊரில் பூ விடும்போதே தோப்பைக் குத்தகை பேசி முடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், இந்த முறையின் மதிப்பு எனக்கு உடனே புரிந்தது.

மைதானத்தில் நூற்றுக்கணக்கானோர். தொப்பி வைத்த பெரியவர்கள் முன்வரிசை, கங்கா துணி போர்த்திய பெண்கள் ஓரத்தில். வாங்குபவர்கள் ஒருவர்கூட அங்கே இல்லை. விலைகள் கணினி வழியே வருகின்றன, திரையில் விழுகின்றன, ஒருவர் உரக்கப் படிக்கிறார். மிக உயர்ந்த எண்ணும் மிகத் தாழ்ந்த எண்ணும் வந்ததும் கூட்டத்தில் முணுமுணுப்பு. சம்மதமா என்று மேடை கேட்கிறது. விவசாயிகள் மறுத்தால் சரக்கு நகராது.

மறுத்தும் இருக்கிறார்கள். 2018 அக்டோபரில் வியாபாரிகள் சொன்ன விலை போதாது என்று தெற்கு முழுவதும் விற்க மறுத்தது. நவம்பரில் அதிபர் மகுஃபுலி வியாபாரிகளை ஒதுக்கிவிட்டு, கிலோ 3,300 ஷில்லிங்குக்கு அரசே வாங்கும் என்று அறிவித்து, மூட்டை தூக்க ராணுவத்தை அனுப்பினார். நல்ல விலைதான், ஆனால் பணத்துக்குப் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள் என்று பக்கத்தில் நின்ற சங்க எழுத்தர் சொன்னார். விலையை அறிவிப்பது எளிது, வாங்கிய கொட்டையை என்ன செய்வது என்பதில்தான் அந்த வருஷம் அரசு மாட்டிக்கொண்டது. உடைக்கப் போதிய ஆலை இல்லாத நாட்டில் கொட்டையை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பருப்பு கெடும். வாங்குபவனுக்கு இது தெரியும்.

இன்று சம்மதித்தார்கள். கைகள் உயர்ந்தன. பெரியவர் ஒரு முறை தலையை அசைத்துவிட்டு, பணம் வந்ததும் பேரனின் பள்ளிக்கட்டணம் முதல் வேலை என்றார்.

மசாசி, சனி

நாட்டின் விளைச்சலில் மிகப் பெரும் பகுதி கொட்டையாகவே கப்பலேறி இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் போகிறது. எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே உடைக்க வேண்டும் என்று இந்த அரசு சொல்லிவருகிறது. பண்ருட்டிக்காரனாக எனக்கு அது கேட்கச் சுகமான செய்தி அல்ல. கொட்டை வராத மாசி மாதத்தில் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வேலை இருக்காது. இருந்தாலும் ஒரு வாரம் இந்த மண்ணில் நடந்த பிறகு, அந்த வேலை முதலில் இங்கே இருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாம் நம் மரங்களைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். தானே புயல் 2011 டிசம்பரில் கடலூர் மாவட்டத்துத் தோப்புகளைச் சாய்த்ததை, கொட்டை வாங்கியே எத்தனை காலம் ஈடுகட்டுவது?

மசாசியில் ஒரு கொட்டகையில் பெண்கள் குழு ஒன்று சொந்தமாகப் பருப்பு எடுக்கிறது. கொட்டையைத் தகரத்தில் வறுத்து, கட்டையால் தட்டி உடைக்கிறார்கள். பாதி உடைந்த பருப்பாகிறது, கொட்டை ஓட்டின் காரப் பால் பட்டு விரல்கள் கருகியிருக்கின்றன. அந்த விரல்களை எனக்குத் தெரியும், என் அத்தைமார்களுக்கும் அப்படித்தான் இருந்தன.

வறுக்காமல் ஆவியில் வேகவைப்பதையும், ஒரு நாள் ஆறவிட்டுக் கையும் காலும் சேர்த்து இயக்கும் கத்தி இயந்திரத்தில் வெட்டுவதையும் விளக்கினேன். குழுத் தலைவி நோட்டை நீட்டினார். இயந்திரத்தின் மிதி, கத்தி, கொட்டை நிற்கும் குழி எல்லாவற்றையும் வரைந்து அளவு குறித்துக் கொடுத்தேன். கைக்கு ஆமணக்கெண்ணெய் தடவச் சொன்னேன். முழுப்பருப்புக்கும் உடைந்ததற்கும் எங்கள் ஊரில் விலை எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

“இந்த இயந்திரத்தை உங்கள் ஊரில் யார் செய்கிறார்கள்?”

“பட்டறையில் செய்வார்கள், அம்மா. இரும்பு வேலை தெரிந்தவர்கள்.”

“மசாசியிலும் வெல்டிங் பட்டறை இருக்கிறது,” என்று சொல்லி, நோட்டை மடித்து இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு, வெட்டும் பெண்ணுக்கு அங்கே கூலி நாள் கணக்கா கிலோ கணக்கா என்ற அடுத்த கேள்விக்குப் போனார்.